கொள்முதல் மேசைக்கு வந்த கரிமக் கணக்கு

2001ஆம் ஆண்டின் இறுதி. ஐரோப்பாவில் கிறிஸ்துமஸ் விற்பனை சூடுபிடித்திருந்த நேரம். சோனி நிறுவனத்தின் 13 லட்சம் பிளேஸ்டேஷன் கருவிகளைக் கடைகளுக்குப் போகவிடாமல் நெதர்லாந்து அதிகாரிகள் நிறுத்திவைத்தார்கள். கருவிகள் நன்றாகவே வேலை செய்தன. கூடவே வந்த கேபிள்களில்தான் சிக்கல். காட்மியம் என்ற நச்சு உலோகம் அந்நாட்டுச் சட்டம் அனுமதித்த அளவைத் தாண்டி அவற்றில் கலந்திருந்தது. கேபிள் வெளியிலிருந்து வாங்கிய சரக்கு. விற்றவர் தன் மூலப்பொருளை எங்கிருந்து எடுத்தார், அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்றெல்லாம் துருவிக் கேட்பது அன்றைய கொள்முதல் பிரிவுகளின் வழக்கத்தில் இல்லை. பண்டிகைக் காலத்தில் பெரும் நட்டத்தோடு கேபிள்களை மாற்றிக்கொடுத்த சோனி, பிறகு தன் வழங்குநர்களை வரிசையாகத் தணிக்கை செய்தது. 'கிரீன் பார்ட்னர்' என்ற தகுதியைப் பெற்றவர்களிடம் மட்டுமே உதிரிபாகம் வாங்குவது என்று விதி வகுத்தது.

எந்த நிறுவனத்திலும் பர்ச்சேஸ் பிரிவுக்குக் காலங்காலமாக மூன்று கேள்விகள்தான்: விலை என்ன, தரம் எப்படி, சரக்கு எப்போது வந்துசேரும்? தொழில்நுட்பத் துறையில் கடந்த 25 ஆண்டுகளில் இவற்றோடு வேறு கேள்விகளும் சேர்ந்துவிட்டன. இந்தப் பொருளில் என்ன நச்சு இருக்கிறது? இதன் தாது எந்தச் சுரங்கத்தில் தோண்டியது? எந்த மின்சாரத்தில் இது தயாரானது? தயாரித்த தொழிலாளர்கள் எங்கே தங்குகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள்? பயன்பாடு முடிந்ததும் இது எங்கே போய்ச் சேரும்? இந்தக் கேள்விகள் உலகம் முழுக்கப் பரவிவிட்டன. பதில் தயாரிக்கும் செலவு யாருடையது என்பது மட்டும் இன்னும் தீரவில்லை. வாங்குபவர் பணத்தையும் நீண்டகால ஒப்பந்தத்தையும் கொடுத்த இடங்களில் மெய்யான மாற்றம் நடந்திருக்கிறது. கேள்வித்தாளை மட்டும் அனுப்பிய இடங்களில் காகிதம் பெருகியிருக்கிறது. இந்தத் துறையின் கால் நூற்றாண்டு அனுபவத்தைத் தொகுத்துப் பார்க்கும்போது எனக்குக் கிடைக்கும் முடிவு இதுதான்.

முத்திரைகளின் காலம்

பசுமைக் கொள்முதலின் முதல் வடிவம், பொருளின் மீது ஒட்டிய முத்திரை. சுவீடனில் அலுவலக ஊழியர்களின் தொழிற்சங்கக் கூட்டமைப்பான டி.சி.ஓ. 1992இல் கணினித் திரைகளுக்குச் சான்றிதழ் தரத் தொடங்கியது. நாள் முழுக்கத் திரையின் முன் உட்கார்ந்திருப்பவர்களின் கண்ணும் உடலும் கெடக் கூடாது என்ற அக்கறையில் பிறந்த முத்திரை அது. அதே ஆண்டில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 'எனர்ஜி ஸ்டார்' முத்திரையைக் கொண்டுவந்தது. 1993இல் அதிபர் கிளின்டன், மத்திய அரசு அலுவலகங்கள் அந்த முத்திரை பெற்ற கணினிகளையே வாங்க வேண்டும் என்று ஆணையிட்டார். உலகிலேயே மிக அதிகமாகக் கணினி வாங்கும் வாடிக்கையாளர் அப்படிச் சொன்ன பிறகு, அரசுக்கு ஒரு வகை, மற்றவர்களுக்கு ஒரு வகை என்று இரண்டு விதமாகத் தயாரிக்க எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்படியாகாது. மின்சாரத்தைச் சேமிக்கும் கணினியே பொதுவான கணினி ஆனது.

2006இல் 'ஈபீட்' என்ற மதிப்பீட்டு முறை வந்தது. நச்சுப் பொருள், மறுசுழற்சிக்கு ஏற்ற வடிவமைப்பு, மின்சாரம், பொருளைத் திரும்பப் பெறும் ஏற்பாடு எனப் பலவற்றையும் பார்த்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தரம் பிரிக்கும் முறை. அடுத்த ஆண்டே அமெரிக்க அரசு, தான் வாங்கும் மின்னணுக் கருவிகளில் 95 சதவீதம் ஈபீட் பட்டியலில் இருக்க வேண்டும் என்றது. 2012 ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் தன்னுடைய 39 கருவிகளை இந்தப் பட்டியலிலிருந்து விலக்கிக்கொண்டது. அப்போதுதான் வெளியாகியிருந்த புதிய மேக்புக் புரோவில் பேட்டரி உடலோடு பசையால் ஒட்டப்பட்டிருந்தது. சாதாரணக் கருவிகளால் பிரிக்க முடியாதது. பிரித்தெடுக்க முடிய வேண்டும் என்பதோ ஈபீட்டின் அடிப்படை விதிகளில் ஒன்று. உடனே சான் பிரான்சிஸ்கோ நகர நிர்வாகம், இனி மேக் கணினி வாங்கப்போவதில்லை என்று அறிவித்தது. அந்த நகராட்சி வாங்கிவந்த மேக்குகள் ஆப்பிளின் வணிகத்தில் ஒரு பொருட்டே அல்ல. ஆனாலும் சில நாட்களுக்குள் ஆப்பிளின் மூத்த அதிகாரி பாப் மான்ஸ்ஃபீல்டு பகிரங்கக் கடிதம் எழுதி, விலகியது தவறு என்று ஒப்புக்கொண்டார்; கருவிகள் பட்டியலுக்குத் திரும்பின. பொதுப் பணத்தில் வாங்கும் ஒருவர் நிபந்தனையில் உறுதியாக நின்றால் உலகின் பெரும் நிறுவனமும் இறங்கிவரும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இந்தத் துறையில் இல்லை.

இதே காலத்தில் சட்டமும் இறுகியது. 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஈயம், பாதரசம், காட்மியம் உள்ளிட்ட ஆறு பொருட்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. சர்க்யூட் போர்டில் பற்றவைக்கும் ஈயம் உலகெங்கும் மாற வேண்டியதாயிற்று. ஒவ்வொரு உதிரிபாகத்துக்கும் வேதிப்பொருள் அறிக்கை கேட்பது கொள்முதல் அலுவலரின் அன்றாட வேலையானது.

சுரங்கம்வரை நீண்ட விசாரணை

2010இல் அமெரிக்கா இயற்றிய டாட்-ஃபிராங்க் சட்டத்தின் 1502ஆம் பிரிவு, கேள்வியை இன்னும் ஆழத்துக்குக் கொண்டுபோனது. காங்கோவிலும் அதன் அண்டை நாடுகளிலும் ஆயுதக் குழுக்களுக்குப் பணம் கொடுத்துத் தோண்டப்படும் தகரம், டான்டலம், டங்ஸ்டன், தங்கம் ஆகியவை தங்கள் பொருட்களில் இருக்கின்றனவா என்று பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள் ஆராய்ந்து சொல்ல வேண்டும். ஒரு கைபேசியில் உள்ள டான்டலம் துணுக்குக்கும் சுரங்கத்துக்கும் நடுவே ஏழெட்டுக் கைகள் மாறியிருக்கும். ஒவ்வொன்றாகப் பின்தொடர்வது நடக்காத காரியம். அதனால் ஒரு நடைமுறை வழி கண்டார்கள். சுரங்கங்கள் ஆயிரக்கணக்கானவை, கைபேசி நிறுவனங்களும் அவற்றின் வழங்குநர்களும் ஆயிரக்கணக்கானோர். நடுவில் தாதுவை உருக்கும் ஆலைகள் மட்டும் சில நூறு. அந்த ஆலைகளைத் தணிக்கை செய்து, தேறியவற்றின் பட்டியலை வெளியிட்டு, அதில் இருப்பவர்களிடமிருந்தே உலோகம் வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதினார்கள். போட்டி நிறுவனங்கள் சேர்ந்து செய்த வேலை இது.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. தணிக்கையும் விளக்கமும் தொந்தரவு என்று நினைத்த பல நிறுவனங்கள் மத்திய ஆப்பிரிக்கத் தாதுவையே தவிர்த்தன. ஆயுதக் குழுவோடு தொடர்பே இல்லாத கைச்சுரங்கத் தொழிலாளியின் பிழைப்பும் அதில் போனது. 2024 டிசம்பரில் காங்கோ அரசு ஆப்பிளின் துணை நிறுவனங்கள்மீது பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் குற்றப் புகார் கொடுத்தபோது, காங்கோ, ருவாண்டா நாடுகளிலிருந்து இந்த உலோகங்களை வாங்குவதை நிறுத்தும்படி வழங்குநர்களுக்குச் சொல்லிவிட்டதாக ஆப்பிள் பதிலளித்தது. கறை படாமல் ஒதுங்கிக்கொள்வதும், அங்கேயே நின்று நிலைமையைச் சீர்செய்வதும் வெவ்வேறு. முதலாவது மலிவானது என்பதால்தான் கொள்முதல் பிரிவுகள் அதைத் தேர்ந்தெடுக்கின்றன.

ஸ்கோப் 3

பருவநிலை இலக்குகள் வந்த பிறகு கொள்முதல் பிரிவின் இடமே மாறிவிட்டது. காரணம், கணக்கு எழுதும் முறை. ஒரு நிறுவனத்தின் பசுமை இல்ல வாயுக்களை மூன்று கூறுகளாகப் பிரிக்கிறார்கள். தன் வளாகத்தில் நேரடியாக எரிக்கும் எரிபொருள் முதல் கூறு. வெளியிலிருந்து வாங்கும் மின்சாரம் இரண்டாவது. மற்றவை எல்லாம் மூன்றாவது: வாங்கும் பொருள், சரக்குப் போக்குவரத்து, ஊழியர் பயணம், விற்ற கருவி வாடிக்கையாளர் வீட்டில் இழுக்கும் மின்சாரம், கடைசியில் அது கழிவாவது. இந்த மூன்றாவதைத்தான் ஸ்கோப் 3 என்கிறார்கள். அதைக் கணக்கிடுவதற்கான சர்வதேச வழிமுறை 2011இல் வெளியானது; அதில் 15 வகைகள் இருக்கின்றன.

தொழில்நுட்ப நிறுவனங்கள் இப்படிக் கணக்குப் போட்டபோது, தங்கள் வளாகத்துக்குள் நடப்பது மிகக் கொஞ்சம் என்று தெரிந்தது. மைக்ரோசாஃப்டின் மொத்த உமிழ்வில் 96 சதவீதத்துக்கும் மேல் ஸ்கோப் 3. ஒரு ஐபோன் தன் ஆயுளில் ஏற்படுத்தும் உமிழ்வில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, அது வாடிக்கையாளர் கைக்கு வருவதற்கு முன்பே, தயாரிப்பிலேயே நடந்துமுடிந்துவிடுகிறது. அலுவலகக் கூரையில் சூரியத் தகடு பதிப்பதால் இந்த எண்கள் அசையப்போவதில்லை. யாரிடம், என்ன நிபந்தனையில் வாங்குகிறோம் என்பதே இலக்கை நிர்ணயிக்கும்.

2020 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட், 2030க்குள் தான் வெளியிடுவதைவிட அதிகமான கரிமத்தைக் காற்றிலிருந்து அகற்றுவேன் என்று அறிவித்தது. அதே ஆண்டு ஜூலையில் ஆப்பிள், 2030க்குள் தன் விநியோகச் சங்கிலி முழுவதையும் கரிமச் சமநிலைக்குக் கொண்டுவருவதாகச் சொன்னது. விரைவிலேயே இந்த வாக்குறுதிகள் ஒப்பந்த வாசகங்களாக மாறின. மைக்ரோசாஃப்ட் தன் வழங்குநர் நடத்தை விதிகளில் உமிழ்வுக் கணக்கை வெளியிடுவதைக் கட்டாயமாக்கியது. மென்பொருள் நிறுவனமான சேல்ஸ்ஃபோர்ஸ் 2021இல் தன் ஒப்பந்தங்களோடு ஒரு சுற்றுச்சூழல் இணைப்பைச் சேர்த்தது. அறிவியல் அடிப்படையில் இலக்கு வைப்பது முதல் தவறினால் இழப்பீடு செலுத்துவதுவரை அதில் எழுதப்பட்டிருந்தது. 2021 செப்டம்பர் இறுதியிலிருந்து பிரிட்டன் அரசு, ஆண்டுக்கு 50 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தம் கேட்கும் எவரும் 2050க்கான கரிமக் குறைப்புத் திட்டத்தை வெளியிட்டிருக்க வேண்டும் என்றது. லண்டனில் அரசுத் துறைக்கு மென்பொருள் எழுதிக்கொடுக்க டெண்டர் போடும் இந்திய நிறுவனத்துக்கும் இது பொருந்தும். நிரல் எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது, டீசல் ஜெனரேட்டர் கணக்கும் வைத்திருக்க வேண்டும் என்ற நிலை அப்படித்தான் வந்தது.

கேள்வித்தாள் மழை

இதன் நடைமுறை முகம் எப்படி இருக்கிறது? ஒரு வழங்குநருக்குப் பத்து வாடிக்கையாளர்கள் என்றால் பத்து இணையதளங்களில் பத்து விதமான படிவங்கள். ஒருவர் வழங்குநர்களை மதிப்பிடும் ஈகோவாடிஸின் மதிப்பெண் கேட்பார், இன்னொருவர் உமிழ்வு விவரம் திரட்டும் சி.டி.பி. அமைப்பின் கேள்வித்தாள் வழியாகப் பதில் கேட்பார். மூன்றாமவர் தன் சொந்தத் தணிக்கையாளரை அனுப்புவார். பெரிய நிறுவனங்கள் இதற்கென்றே தனிப் பிரிவு வைத்துக்கொள்கின்றன. சிறிய நிறுவனத்தில் கணக்காளரோ தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளரோ இரவில் உட்கார்ந்து நிரப்புகிறார்.

நிரப்பிய எண்ணின் தரம் என்ன? வழங்குநரிடமிருந்து நம்பகமான தரவு கிடைக்காதபோது வாங்கும் நிறுவனம் ஒரு குறுக்குவழியைக் கையாள்கிறது. எவ்வளவு பணத்துக்கு வாங்கினோமோ அந்தத் தொகையை, அந்தத் தொழிலுக்கான சராசரி உமிழ்வு எண்ணால் பெருக்கிவிடுவது. தொடக்க மதிப்பீட்டுக்கு இது உதவும். ஆனால் இதில் ஒரு பெரிய அநியாயம் ஒளிந்திருக்கிறது. ஒரு வழங்குநர் நிலக்கரி மின்சாரத்தை விட்டு, காற்றாலை மின்சாரத்துக்கு மாறி, அதற்கான செலவை ஈடுகட்ட விலையை 5 சதவீதம் கூட்டினால், வாங்குபவரின் கணக்கில் அவருடைய உமிழ்வு 5 சதவீதம் கூடியதாகவே பதிவாகும். விலையைக் குறைத்து, பழைய கொதிகலனையே ஓட்டுபவர் நல்லவராகிவிடுவார். பொருள்வாரியாக அளந்த தரவு இல்லாமல், செலவுத்தொகையை வைத்துப் போடும் கணக்கின் அடிப்படையில் வழங்குநரைத் தேர்ந்தெடுப்பதோ கழிப்பதோ தவறு. இதைச் செய்யும் நிறுவனங்கள் உடனே நிறுத்த வேண்டும்.

பணம் பேசிய இடங்கள்

கேள்வித்தாளைத் தாண்டி உண்மையில் என்ன நடந்திருக்கிறது என்று பார்க்கத் தைவானுக்குப் போக வேண்டும். உலகின் மேம்பட்ட சிப்புகளில் பெரும்பகுதியைத் தயாரிக்கும் டி.எஸ்.எம்.சி. அங்கே இருக்கிறது. தைவானின் மின்சாரமோ பெரும்பாலும் நிலக்கரியிலும் எரிவாயுவிலும் உற்பத்தியாவது. ஆப்பிள் தன் சிப்பைப் பசுமையாக்க வேண்டுமானால், ஒரு தீவின் மின்கட்டமைப்பே மாற வேண்டும். 2020 ஜூலையில் டி.எஸ்.எம்.சி., டென்மார்க்கின் ஆர்ஸ்டெட் நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. தைவான் நீரிணையில் அமையும் 920 மெகாவாட் கடல் காற்றாலைகளின் மொத்த மின்சாரத்தையும் 20 ஆண்டுகளுக்கு வாங்கிக்கொள்வதாக உறுதி. இப்படிப்பட்ட உறுதி கையில் இருந்தால்தான் வங்கி கடன் தரும். கடன் கிடைத்தால்தான் கடலில் தூண் எழும். 2040க்குள் முழுக்கப் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்று தன் இலக்கைப் பத்தாண்டு முன்னுக்கு இழுத்துக்கொண்டது டி.எஸ்.எம்.சி. வாடிக்கையாளரின் அழுத்தம் இல்லாமல் இது இவ்வளவு வேகமாக நடந்திருக்காது.

ஆப்பிள் 2018இல் சீனாவில் வேறொரு வழி பார்த்தது. பத்து வழங்குநர்களோடு சேர்ந்து ஏறத்தாழ 30 கோடி டாலர் நிதியம் ஒன்றை அமைத்து, 1 கிகாவாட் அளவுக்குக் காற்றாலை, சூரிய மின்நிலையங்களில் முதலீடு செய்யத் திட்டமிட்டது. தனித்தனியாகப் போனால் பேரம் பேச முடியாத வழங்குநர்களை ஒன்றுசேர்த்து, வாங்கும் நிறுவனமும் பணம் போட்டது. 2024இல், தன் நேரடித் தயாரிப்புச் செலவில் 95 சதவீதத்துக்கு உரிய 320க்கும் மேற்பட்ட வழங்குநர்கள் 2030க்குள் ஆப்பிளுக்கான உற்பத்தியைத் தூய மின்சாரத்துக்கு மாற்ற உறுதியளித்திருப்பதாக ஆப்பிள் அறிவித்தது. இந்தத் துறையில் வேறு எந்த நிறுவனமும் வழங்குநர்களை இந்த அளவுக்குத் திரட்டியதாகத் தெரியவில்லை. அதற்குரிய மதிப்பைக் கொடுக்க வேண்டும்.

அதே ஆப்பிள் 'கரிமச் சமநிலை' என்று கைக்கடிகாரத்தை விளம்பரம் செய்தபோது ஜெர்மனியில் சறுக்கியது. மிச்ச உமிழ்வை ஈடுகட்ட பராகுவேயில் யூகலிப்டஸ் தோட்டங்களைக் காட்டியிருந்தது. அந்த நிலத்தில் 75 சதவீதத்தின் குத்தகை 2029இல் முடிகிறது. அதற்குப் பிறகு மரங்கள் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று 2025 ஆகஸ்டில் ஃபிராங்பர்ட் நீதிமன்றம் சொல்லி, அந்த விளம்பரத்துக்குத் தடை விதித்தது. வழங்குநரின் மின்சாரத்தை மாற்றியது உண்மையான வேலை. மரத்தை வைத்து மீதியை மறைத்தது அப்படியல்ல.

ஸ்ரீபெரும்புதூரில்

இந்த விஷயம் நமக்கு எட்டாத தூரத்தில் நடக்கிறது என்று யாரும் நினைக்க வேண்டாம். 2024-25இல் தமிழ்நாட்டின் மின்னணுப் பொருள் ஏற்றுமதி 1,465 கோடி டாலரைத் தொட்டது, நாட்டிலேயே முதலிடம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் வட்டாரங்களில் பொருத்தப்படும் ஒவ்வொரு கருவியும் கலிபோர்னியாவிலோ சியோலிலோ எழுதப்பட்ட ஏதோ ஓர் இலக்குக்குக் கட்டுப்பட்டது.

மின்சாரத்தைப் பொறுத்தவரை தமிழ்நாட்டுக்கு ஒரு பழைய பலம் இருக்கிறது. கோவை வட்டார நூற்பாலைகள் 1990களிலிருந்தே முப்பந்தலிலும் பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதியிலும் சொந்தக் காற்றாலை வைத்து ஆலையை ஓட்டிப் பழகியவை. ஒரு மின்நிலையத்தில் பயனாளிகள் சேர்ந்து குறைந்தது 26 சதவீதப் பங்கு வைத்து, உற்பத்தியில் 51 சதவீதத்தையாவது தாங்களே பயன்படுத்தினால் அது அவர்களின் சொந்த மின்நிலையமாகக் கருதப்படும். கூடுதல் கட்டணச் சுமை குறையும். 'குரூப் கேப்டிவ்' என்று தொழில் வட்டாரத்தில் சொல்லப்படும் இந்த ஏற்பாடு, பெரிய மின்னணு ஆலைகளுக்கு அப்படியே பொருந்தும்.

சிறியவர்களுக்குத்தான் வழி இல்லை. இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் வாடகை ஷெட்டில் பிளாஸ்டிக் மோல்டிங் செய்து, பெரிய ஆலைக்குச் சப்ளை செய்யும் ஒரு சிறு முதலாளியை எடுத்துக்கொள்வோம். கூரை அவருடையதல்ல, தகடு பதிக்க உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். மத்திய அரசின் 2022 விதிகள் வெளியிலிருந்து பசுமை மின்சாரம் வாங்குவதற்கான வரம்பை 1 மெகாவாட்டிலிருந்து 100 கிலோவாட்டாகக் குறைத்திருக்கின்றன. அதற்கும் கீழே இருப்பவருக்கு அந்தக் கதவும் திறக்காது. பங்கு முதலீடு செய்யக் கையில் காசு இல்லை, ஏனென்றால் செய்த வேலைக்கே பணம் மாதக்கணக்கில் தாமதமாக வருகிறது. இவருக்கு வரும் பர்ச்சேஸ் ஆர்டரோ சில மாதங்களுக்கு மட்டுமானது. அடுத்த ஆண்டு விலையை இன்னும் குறைக்கச் சொல்லிக் கடிதம் வரும். அதே உறையில் கரிமக் குறைப்புப் படிவமும் வரும். நான்கு மாத ஆர்டரை வைத்துக்கொண்டு ஏழாண்டில் முதல் திரும்பும் கருவியை யார் வாங்குவார்கள்? டி.எஸ்.எம்.சி. ஒரு காற்றாலைக்கு 20 ஆண்டு உறுதி கொடுத்தது. இங்கே ஒரு மோல்டிங் ஷெட்டுக்கு மூன்றாண்டு ஆர்டர் கொடுத்தால் போதும், பாதிப் பிரச்சினை தீரும்.

தொழிலாளரின் வாழ்வும் இந்தக் கணக்குக்குள் வருகிறது. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் பொருத்தும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி, 250க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். அந்தப் பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. தொலைவில் உள்ள சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் விதிகளுக்கு ஏற்ப இல்லை என்று ஒப்புக்கொண்ட ஆப்பிள், அந்த ஆலையைக் கண்காணிப்புக் காலத்தில் வைத்தது. பல ஆண்டுகளாகவே நடைமுறையில் இருந்த நடத்தை விதிகளும் தணிக்கைகளும் அந்த விடுதிச் சமையலறையைப் பார்க்கவில்லை. தெருவுக்கு வந்த பெண்கள்தான் பார்க்க வைத்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம்-வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி வளாகத்தை மாநில அரசு நிறுவனமான சிப்காட் கட்டித் திறந்தது. வாங்குபவரின் நிபந்தனை, தொழிலாளரின் போராட்டம், அரசின் முதலீடு மூன்றும் சேர்ந்தபோது வந்த மாற்றம் அது.

செயற்கை நுண்ணறிவின் பசி

2023க்குப் பிறகு எல்லாக் கணக்கும் புரண்டது. மைக்ரோசாஃப்ட் 2024இல் வெளியிட்ட அறிக்கையில், 2020ஐவிட அதன் மொத்த உமிழ்வு 29 சதவீதம் கூடியிருந்தது. தன் நேரடி உமிழ்வையும் மின்சார உமிழ்வையும் அது குறைத்திருந்தது. கூடியது ஸ்கோப் 3. தரவு மையம் கட்டும் இரும்பு, சிமென்ட், உள்ளே அடுக்கும் சர்வர், சிப்பு எல்லாம் வாங்கியவை. கூகுளின் உமிழ்வு 2019இலிருந்து 2023க்குள் 48 சதவீதம் ஏறியது. உலகத் தரவு மையங்கள் 2024இல் 415 டெராவாட் மணி மின்சாரம் எடுத்தன என்றும் 2030இல் அது 945 ஆகும் என்றும் சர்வதேச எரிசக்தி முகமை மதிப்பிடுகிறது.

இந்த நிறுவனங்கள் கைகட்டி நிற்கவில்லை. மைக்ரோசாஃப்ட் வர்ஜீனியாவில் மரத்தையும் கலந்து தரவு மையம் கட்டுகிறது. மூடிக்கிடந்த திரீ மைல் ஐலண்டு அணு உலையின் மின்சாரத்தை 20 ஆண்டுகளுக்கு வாங்க ஒப்பந்தம் செய்திருக்கிறது. கூகுள் தன் பெரிய வன்பொருள் வழங்குநர்களிடம் 2029க்குள் முழுக்கப் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு மாற உறுதி கேட்கிறது.

ஆனால் இங்கே அதிகாரம் கைமாறியிருக்கிறது. கொள்முதல் நிபந்தனை பலிப்பது, வாங்குபவருக்கு வேறு வழி இருக்கும்போதுதான். செயற்கை நுண்ணறிவுச் சிப்பு விற்பவர் சிலர், வாங்கக் காத்திருப்பவர் பலர். வரிசையில் நிற்பவர் கரிமக் கணக்கைக் கேட்டுக் கறாராகப் பேச முடியாது. இன்னொரு பின்னடைவும் நடந்திருக்கிறது. 2020களின் தொடக்கத்தில் மைக்ரோசாஃப்டும் கூகுளும் தங்கள் சர்வர்களின் பயன்பாட்டு ஆயுளை நான்கிலிருந்து ஆறு ஆண்டுகளாக நீட்டித்தன. சத்தமில்லாமல் நடந்த பெரிய பசுமை முடிவு அது. 2025இல் அமேசான், தொழில்நுட்பம் வேகமாக மாறுகிறது என்ற காரணத்தைச் சொல்லி, தன் சர்வர்களில் ஒரு பகுதியின் ஆயுளை ஆறிலிருந்து ஐந்தாகக் குறைத்தது. மற்றவர்களும் பின்தொடர்ந்தால் பல ஆண்டு முயற்சியின் பலன் கரைந்துபோகும்.

சட்டங்களும் தளர்கின்றன. அமெரிக்காவில் மத்திய அரசின் பசுமைக் கொள்முதல் ஆணை 2025 ஜனவரி 20 அன்று ரத்தானது; அரசு ஒப்பந்ததாரர்கள் உமிழ்வை வெளியிட வேண்டும் என்ற வரைவு விதியும் அதே மாதம் திரும்பப் பெறப்பட்டது. ஐரோப்பா தன் நிறுவனப் பொறுப்புச் சட்டங்களை 2025இல் தள்ளிப்போட்டுச் சுருக்கத் தொடங்கியது. இந்தியாவில் முதல் 1,000 பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு 2022-23 முதல் பொறுப்பு அறிக்கையைக் கட்டாயமாக்கிய பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி, வழங்குநர்களின் விவரத்தைச் சேர்க்கும் பகுதியைத் தள்ளிவைத்து, பிறகு விருப்பத்துக்கு விட்டுவிட்டது. சிறு நிறுவனங்களின் சுமையைக் குறைப்பது என்ற நோக்கம் சரியானதே. அதற்கு வாங்குபவர்களைச் செலவில் பங்கெடுக்கச் சொல்லியிருக்க வேண்டும்; கேள்வியையே கைவிட்டிருக்கக் கூடாது.

குறைவாக வாங்குவது

இவ்வளவுக்கும் நடுவே மிக எளிய வழியைத்தான் எல்லோரும் கடைசியாகப் பேசுகிறார்கள்: வாங்கியதை நீண்ட காலம் வைத்திருப்பது. உமிழ்வின் பெரும்பகுதி தயாரிப்பிலேயே நடக்கிறது என்றால், மூன்றாண்டில் மாற்றும் மடிக்கணினியை ஆறாண்டு வைத்திருப்பதைவிடப் பெரிய சேமிப்பு எதுவும் இல்லை. 2022இல் உலகில் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல், விற்கப்படும் கைபேசியின் பேட்டரி 800 முறை மின்னேற்றிய பிறகும் 80 சதவீதத் திறனோடு இருக்க வேண்டும், விற்பனை முடிந்து ஏழாண்டுவரை முக்கிய உதிரிபாகம் கிடைக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. பழைய சர்வர்களைப் பிரித்து மறுபயன்பாட்டுக்கு அனுப்ப மைக்ரோசாஃப்ட் 2020இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு மையம் தொடங்கியது. சர்வர்களிலும் பாகங்களிலும் 90 சதவீதத்தை மறுபயன்பாட்டுக்கோ மறுசுழற்சிக்கோ அனுப்பும் இலக்கை 2024இலேயே எட்டியதாக அறிவித்தது.

நம் அரசுகளின் கொள்முதல், டெண்டரில் தகுதி பெற்றவர்களுள் மிகக் குறைந்த விலை சொன்னவருக்கே ஆர்டர் என்ற எல்1 முறையில் ஊறியது. இதனால் பசுமைக் கொள்முதலுக்கு இடமே இல்லை என்று அலுவலர்கள் சொல்வதுண்டு. அது சரியான வாதம் அல்ல. நிபந்தனையைத் தொழில்நுட்பக் குறிப்பிலேயே எழுதிவிட்டால் எல்லோருக்கும் அது பொதுவாகிவிடும். அதை நிறைவேற்றுபவர்களுக்குள் குறைந்த விலைக்காரரைத் தேர்ந்தெடுப்பதில் எந்த விதியும் உடைவதில்லை. எனர்ஜி ஸ்டார் காலத்தில் அமெரிக்க அரசு செய்ததும் இதுவே.

தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஏறத்தாழ 50 லட்சம் கருவிகள் மாணவர்களிடம் போய்ச் சேர்ந்தன. 2025-26 நிதிநிலை அறிக்கை, இரண்டாண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கருவி தருவதாக அறிவித்தது. நாட்டில் ஒரே கையால் நடக்கும் மிகப் பெரிய கணினிக் கொள்முதல்களில் இதுவும் ஒன்று. சான் பிரான்சிஸ்கோ நகராட்சிக்கு இல்லாத எண்ணிக்கை பலம், இந்தக் கொள்முதலை நடத்தும் அரசு நிறுவனமான எல்காட்டுக்கு இருக்கிறது. இனி வரும் ஒவ்வொரு டெண்டரிலும் நான்கு நிபந்தனைகளை எழுதும்படி அரசைக் கேட்டுக்கொள்கிறேன்: சாதாரண ஸ்க்ரூடிரைவரால் திறந்து மாற்றக்கூடிய பேட்டரியும் நினைவகமும் சேமிப்பகமும்; ஏழாண்டுக்கு, அறிவிக்கப்பட்ட விலையில் மாவட்டந்தோறும் உதிரிபாகம்; பழுதான கருவியைத் தயாரிப்பாளரே திரும்பப் பெற்று, எத்தனை பெற்றார் என்று ஆண்டுதோறும் வெளியிடுவது; தமிழ்நாட்டில் பொருத்தினால், அந்த ஆலைக்கும் அதன் சிறு சப்ளையர்களுக்கும் பசுமை மின்சாரம் பெற்றுத்தரும் பொறுப்பை வெற்றி பெற்ற நிறுவனமே ஏற்பது. இவற்றால் ஒரு கருவியின் விலை கொஞ்சம் கூடும். அந்தத் தொகையை டெண்டர் மதிப்பீட்டிலேயே சேர்த்து ஒதுக்க வேண்டும்.